டாக்டர் ஓட்டிய வண்டி

2008இல் யமஹா ஆர்15 வந்தபோது எனக்கு 27 வயது. வண்டி ஒரு லட்சத்தை ஒட்டி. என் சம்பளமோ அதன் சைடு ஸ்டாண்டு உயரம்கூட இல்லை. 150 சிசி வண்டிக்குத் தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், 17 குதிரைச் சக்தி. ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சிவப்பைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு 29சி பஸ் ஏறினேன்.

பிறகு கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ். 42 வயதில், யாருக்கும் தெரியாமல் 70,000 ரூபாய் சேர்ந்திருந்தது. (யாருக்கும் என்றால் என் மனைவிக்கு.)

தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். வண்டியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

“எழுபதுன்னு நெனைக்காதீங்க சார். பதினைஞ்சை இப்பவே எடுத்து பீரோல வைங்க. ரெண்டு டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, இன்சூரன்ஸ், பேர் மாத்துற செலவு. உங்க பட்ஜெட் அம்பத்தஞ்சு.”

ஒரு வண்டியையும் பார்க்கும் முன்பே 15,000 போயிற்று.

நிஞ்ஜா 300 என்று இழுத்தேன். அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள் என்றார். கேடிஎம் ஆர்சி 200? “அதை ஓட்டின எந்தப் பையனும் அடங்கி ஓட்டியிருக்க மாட்டான்.” அவரே யோசித்து, 2003இல் வந்த முதல் கரிஸ்மா என் வயதுக்குப் பொருத்தம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. தவிர, 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். கடைசியில் பழைய காதலிக்கே திரும்பினேன். ஆர்15, 2011இல் வந்த வி2.

விளம்பரங்களைப் படிக்கத் தனித் தமிழ் தெரிய வேண்டும். ‘சிங்கிள் ஓனர்’ என்றால் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றாமலே நான்கு கை மாறியது. ‘ஷோரூம் கண்டிஷன்’ என்றால் நேற்று கழுவியது. ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ என்பதற்கு மட்டும் எனக்குப் பொருள் பிடிபடவில்லை. நான் பார்த்த பதினொரு வண்டிகளில் நான்கு டாக்டர் வண்டிகள். ஒன்றில் நம்பர் பிளேட்டுக்கு மேல் மண்டையோடு வரைந்திருந்தது. சரி, அனாடமி படித்தவர் போல.

வேளச்சேரியில் முதல் வண்டி. போய் இறங்கும்போதே தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்: “போனதும் ஹாண்டிலைத் தொடாதீங்க, இன்ஜினைத் தொடுங்க. சூடா இருந்தா திரும்பி வந்துடுங்க. சூடான இன்ஜின் எல்லாமே நல்ல இன்ஜின்தான்.” விரலைச் சுட்டுக்கொண்டு திரும்பினேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து நீலமாய்ப் புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். “பனி சார்” என்றார் விற்கிறவர். சித்திரை மாதம், வேளச்சேரி, பனி. சீட்டைக் கழற்றினால் வயர்களுக்கு நடுவே மெல்லிய வண்டல் படிந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தை அந்த வண்டி அடியிலிருந்து பார்த்திருக்கிறது.

இரண்டாவது வண்டி பார்க்க அண்ணனையே கூட்டிப் போனேன். ஃபேரிங் பளபளவென்று இருந்தது. அவர் முகம் அங்கேயே வாடிவிட்டது. “புது பிளாஸ்டிக்னா, பழசுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கணும்.” ஸ்போர்ட்ஸ் பைக்கில் மேலே தெரிவதெல்லாம் சட்டை, காயம் உள்ளே இருக்கும் என்பது அவர் கட்சி. லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, கிராங்க் கவர் என்று தடவிக்கொண்டே போனார். மூன்றும் ஒரே பக்கம் தேய்ந்திருந்தன. ஹாண்டிலை இருபக்கமும் திருப்பி, கோன்செட்டில் ‘கடக்’ என்று ஒரு சத்தத்தைப் பிடித்தார். விற்க வந்த பையன் விடாமல், “டயர் போன மாசம் போட்டது சார்” என்றான். அண்ணன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2314. 2014ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்த டயர். ஜாதகத்தை நெற்றியிலேயே எழுதி வைத்துக்கொண்டு வயதைக் குறைக்க முடியுமா?

மூன்றாவது வண்டியில் ஒரு குறையும் இல்லை. நம்பரைப் போட்டு இணையத்தில் பார்த்தால் ஏழு சலான் பாக்கி. ஹெல்மெட் போடாததற்கு ஒவ்வொன்றும் ஆயிரம். கடன் கட்டி முடித்தாயிற்று என்றார்கள், ஆர்சியில் வங்கியின் பெயர் கல்வெட்டு மாதிரி அப்படியே இருந்தது. வங்கியிடமிருந்து ஃபார்ம் 35 வாங்கித் தரச் சொன்னேன். விற்கிறவர்கள் அதன்பின் என் போனை எடுக்கவில்லை.

மற்ற வண்டிகளைச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க மாட்டேன். பன்னிரண்டாவதாக அம்பத்தூரில் ஒரு வீடு. பையன் வெளிநாடு போய்விட்டான். பழைய புடவையால் மூடி வைத்திருந்த 2013 வண்டியை அப்பா விற்கிறார். இங்கே விசாரணை தலைகீழாக நடந்தது. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், வேகமாக ஓட்டுவேனா என்று அம்மா கேட்டார். துணிக்கடை மஞ்சள் பையிலிருந்து முதல் சர்வீஸ் முதற்கொண்டு எல்லா பில்களையும் எடுத்து அப்பா வரிசையாக அடுக்கினார். இன்ஜின் சில்லென்றிருந்தது. அண்ணன் என் காதில், “வண்டியைப் பாக்காதீங்க சார், இந்தப் பையைப் பாருங்க. முடிச்சுடுங்க” என்றார். 52,000. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன்.

பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இந்த வண்டியில் உட்கார்வது என்பது கிடையாது. குனிந்து வணங்கிய நிலையில் போக வேண்டும். உடம்பின் பாரம் மணிக்கட்டில், மனத்தின் பாரம் இடுப்பில். உண்மை வெளிப்பட்ட அன்று என் மனைவி எதுவும் கத்தவில்லை. அண்ணாந்து பின்சீட்டைப் பார்த்துவிட்டு, “இதுல நான் உக்காரவா, ஏறி நின்னு ஒட்டடை அடிக்கவா?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்று மாதம் ஓட்டினேன். இடுப்பு போயிற்று. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்தபடி என்ன வண்டி என்று கேட்டார். சொன்னேன். எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

“வி டூவா?”

வெளியே நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு என்னோடு பார்க்கிங் வரை வந்தார். ஒருமுறை சுற்றினார். லீவர் நுனியைப் பார்த்தார். பிறகு குனிந்து இன்ஜினைத் தொட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“சூடா இருக்கே. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு வீட்டுக்கு வர்றேன். ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க.”

58,000 சொல்லியிருக்கிறேன்.