மிதித்தால் மீளாத பெடல்

கேள்வி: என் பழைய அம்பாசிடரில் கிளட்சை மிதித்தால் பெடல் பொத்தென்று உள்ளே போகிறது, கியர் விழ மறுக்கிறது. மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். உள்ளே ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதாதா?
– வாசகர், தா.பழூர்

பதில்: மாருதி 800 என்றால் கேபிளை மாற்றிவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள். உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தி நின்றாலும் அம்பாசிடர் ராஜா வண்டி, ராஜ உபசாரம் கேட்கும்! அதில் உங்கள் கால் அழுத்தத்தைக் கீழே ஸ்லேவ் சிலிண்டருக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில்தான். மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால் ஆயில் பின்வாங்கும், பெடல் படுத்துவிடும்.

சிலிண்டரைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவுங்கள். வழவழவென்றிருந்தால் கிட் போதும். துருக்குழியோ கோடோ தட்டுப்பட்டால் புது ரப்பரையும் அது தின்றுவிடும். மெக்கானிக் சொல்வதே சரி. இன்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

திரும்ப மாட்டியபின் ஆயிலில் சிக்கிய ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். கீழே நிப்பிளை மூடும்வரை மேலே மிதித்தவர் காலை எடுக்கக்கூடாது. மனைவியை மிதிக்கச் சொல்வதானால், வீட்டில் சுமுகமான நாளாகப் பார்த்து வேலையை வையுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் விலக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அதற்கும் சேர்த்தே கிட் வாங்குங்கள். அதை வாங்கக் கும்பகோணத்துக்கு இன்னொரு முறை கொள்ளிடம் தாண்ட வேண்டாம்.