விழுந்தது யார்?

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். பக்கத்துச் சேலத்திலோ, எங்கள் பையன் கம்ப்யூட்டர் கேமில் கடைசி எதிரியைக் குறிபார்க்கும் நொடியில் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிடுகிறது.

“கம்ப்யூட்டர்தான் கரன்ட்டைத் தின்னுது கண்ணு!” இது நான் வழங்கிய தீர்ப்பு.

கணக்கு கொஞ்சம் சங்கடமானது. எம்.சி.பி. தாங்குவது 10 ஆம்பியர், 230 வோல்ட்: 2,300 வாட். கம்ப்யூட்டர் 500. அதே லைனில் நான் குறட்டை விடும் ஏசி 1,600. கெட்டில் 1,500, காபியும் எனக்குத்தான்.

எலக்ட்ரீஷியன் வந்தார். “32 ஆம்பியர் மாட்டிட்டா விழவே விழாதுங்க!”

உண்மைதான். ஆனால் சுவருக்குள் இருப்பது பழைய ஒன்றரை எம்.எம். ஒயர். அப்புறம் அதுதான் ஃபியூஸ்.

ஃபீஸை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கெட்டிலை அடுப்படிக்கு நாடு கடத்தினேன். பையன் ஜெயித்துவிட்டானாம்.