தபால் இலாகாவுடன் ஒரு சமாதானம்

2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய்களைக் கௌரவிக்கத் திருவுளம் கொண்டு, இமயமலை மேய்ச்சல் நாய், ராம்பூர் நாய், முதோள் நாய் ஆகியவற்றுடன் ராஜபாளையம் நாயையும் தபால் தலையில் பொறித்து வெளியிட்டது. மன்னர்களுக்கும் மகான்களுக்கும் கிட்டுகிற அந்தப் பேற்றைத் தன் குலத்துக்கும் வழங்கிய இலாகாவினிடம் ஒரு ராஜபாளையம் நாய் கொஞ்சமாவது நன்றியோடு நடந்துகொள்ளும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயந்தானே? எங்கள் வீட்டு வீரனோ, இப்பூவுலகில் தனக்கு ஜன்ம விரோதி என்று ஒருவர் உண்டென்றால் அவர் அந்த இலாகாவின் சிப்பந்தியேதான் என்று குட்டிப் பருவத்திலேயே தீர்மானித்துவிட்டான்.

மற்றபடி அவன் சாதுவான பிராணி. பால்காரர் வரலாம், கீரைக்காரி வரலாம், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அடுக்களை வரை போகலாம், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வான். ஆனால் தெருமுனையில் அந்தச் சைக்கிள் மணி ஒலித்ததோ இல்லையோ, கழுத்திலிருந்து வால் நுனி வரை ரோமம் ஒரே கோடாகச் சிலிர்த்து நிற்க, முன்னங்கால்களைக் கேட்டின் குறுக்குக் கம்பியில் ஊன்றி, ரோஜா நிறமான மூக்கு செக்கச் சிவக்கும்படி அவன் எழுப்புகிற ஆரவாரத்தில், மொட்டை மாடியில் காய்கிற வடகம் கூட நடுங்கும். தபால்காரர் விவேகி. எங்கள் கடிதங்களை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார். அதன் பயனாக, என் இன்ஷூரன்ஸ் தவணை, உறவினர் வீட்டுக் கல்யாணம், பென்ஷன் விவகாரம் ஆகிய சகலமும் எதிர்வீட்டு அம்மாளுக்கு முதலில் தெரிந்து, அவர் வாய்மொழியாக நான் தெரிந்துகொள்ளும்படியான நிலைமை ஏற்பட்டது.

நாய்க்கு யோசனை சொல்லத் தெரியாத மனிதன் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. என் தாயார் இது திருஷ்டிதான் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். வீரன் பெரிதாகத் தும்மினான். அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், "அது தன்னையே தலைவன் என்று நினைச்சிண்டிருக்கு சார்! நீங்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் அதற்குப் போடுங்கள், வாசற்படியை முதலில் நீங்கள் தாண்டுங்கள், தானே அடங்கும்" என்றார். இந்தத் தலைமைச் சித்தாந்தம், ருடால்ஃப் ஷென்கல் என்பவர் பாஸல் நகரத்து மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து கிளைத்தது. அதைத் தம் புஸ்தகத்தின் வாயிலாக 1970-இல் உலகெங்கும் பரவச் செய்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக் அவர்களே, காட்டில் சுயேச்சையாகத் திரியும் ஓநாய்களோடு பல கோடைகாலங்களைக் கழித்த பிற்பாடு, ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையரும் மக்களும் சேர்ந்த குடும்பமேயல்லாது பதவிக்காகப் போராடும் கட்சி அல்ல என்று 1999-இல் எழுதிவிட்டார். தாசில்தாருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. அது போகட்டும், எங்கள் வீட்டில் தலைமை யாருக்கு என்ற பிரச்னை என் விவாகத்தன்றே தீர்ந்துபோன ஒன்று. ஒரு நாயை முன்னிட்டு அதை மறுபடியும் கிளப்ப எனக்குத் தைரியம் கிடையாது.

பிறகு ஒரு பழக்குநர் வந்தார். எப்பேர்ப்பட்ட நாயையும் பத்தே நாளில் பசுவாக்கித் தருவதாக வாக்களித்த அவர், உட்புறம் இரும்பு முட்கள் வைத்த ஒரு கழுத்துப்பட்டையைப் பையிலிருந்து எடுத்தார். என் மனைவி அதை வாங்கி உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "முதலில் நீங்கள் இதைக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய் வாருங்கள், பார்க்கலாம்" என்றாள். காபி கொடுத்து அனுப்பி வைத்தோம்.

முறையான வழியை எங்களுக்குக் காட்டியது, 1903 முதல் நடந்துவரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒரு வைத்தியர். காதிலோ பல்லிலோ மூட்டிலோ வலியிருந்தாலும் பிராணிகள் சிடுசிடுக்கும் என்று சொல்லி அங்கம் அங்கமாகச் சோதித்தவர், தேகத்தில் ஒரு கோளாறும் இல்லை, இது நடத்தை பற்றிய விஷயம் என்று தீர்ப்பளித்து, அந்தத் துறையில் தேர்ச்சி பெற்ற ஒரு பெண்மணியிடம் எங்களை அனுப்பினார்.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இடுப்பில் ஒரு சுருக்குப் பையும் கையில் ஒரு நோட்டுப் புஸ்தகமும் இருந்தன. வீரனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சம்பந்தம் பேச வந்த பிள்ளை வீட்டாரைப் போல, எந்த வயதில் தாயைப் பிரிந்தான், தாயின் குணம் எப்படி, என்ன சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான், யாரிடம் பிரியம் ஜாஸ்தி என்று சாவதானமாக விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். வருகிற விருந்தாளிகளெல்லாம் தன்னைக் கொஞ்சவோ அஞ்சவோ செய்வதையே கண்டு பழகிய வீரன், இந்த அலட்சியத்தைப் பொறுக்கமாட்டாமல் தானாகவே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். உடனே பையிலிருந்து ஏதோ ஒன்று அவன் வாய்க்குப் போயிற்று. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

விசாரணையெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னதுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. "சார், இவன் முரடன் இல்லை. தன் வேலையில் ஒரு நாள்கூடத் தோற்காதவன். தபால்காரர் வருகிறார்; இவன் குரைக்கிறான்; அவர் போய்விடுகிறார். தினமும் இப்படியே நடந்தால், தான் குரைத்ததால்தான் அவர் போனார் என்று இவன் நினைக்கமாட்டானா?" என்றார். பால்காரரும் சிலிண்டர்காரரும் எத்தனை குரைத்தாலும் உள்ளே வந்து, நின்று, பேசி, மோரும் குடித்துவிட்டுப் போவதால், அவர்களிடம் தன் வித்தை பலிக்காது என்று கண்டு கைவிட்டான். கேட்டோடு திரும்பிவிடுகிறவர்களிடத்திலோ அது நாள் தவறாமல் பலித்துக்கொண்டிருக்கிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் தர்க்க சாஸ்திரிகள் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு மாணவர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். அந்தக் காகத்துக்குத் தினந்தோறும் ஒரு பழம் தவறாமல் விழுந்துகொண்டே வந்தால் அது என்னதான் செய்யும்? தாம் உரத்த குரலில் பிரசங்கம் செய்ததனால்தான் மழை பெய்தது, விலைவாசி இறங்கியது என்று மனப்பூர்வமாக நம்புகிற பெரிய மனிதர்களை நான் அறிவேன். அவர்களைப் பழக்குநரிடம் அனுப்ப வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தபால்காரர் வரும்போதெல்லாம் உதையும் விழுகிறது என்று அவரை வெறுக்க இன்னொரு காரணம் கிடைக்கும் என்றும், உறுமலை அடக்கிவிட்டால் முன்னறிவிப்பின்றிக் கடிக்கப் பழகிவிடும் என்றும் பதில் வந்தது. ஆகவே ரஷ்ய தேசத்துப் பாவ்லாவ் காட்டிய மார்க்கம் தொடங்கிற்று. 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஜீரண ஆராய்ச்சிக்காகத்தான். அந்த ஆராய்ச்சிக்கு இடையில், ஆகாரம் வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருகிற ஆளைக் கண்ட மாத்திரத்தில் நாய்களுக்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். அந்த ஆளின் ஸ்தானத்தில் எங்கள் தபால்காரரை வைப்பதென்று ஏற்பாடு.

இதற்கு வேறெப்போதும் கிடைக்காத தின்பண்டம் வேண்டும், வேகவைத்த கோழி ஈரல் உத்தமம் என்று அந்தப் பெண் சொன்னதும் என் தாயார் எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா, இந்த வீட்டு அடுக்களையிலா?" "பனீர் கொடுத்துப் பார்க்கலாம் பாட்டி." தயிர்சாதத்தில் வளர்ந்த வீரன் பனீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் எதிர்வீட்டு அம்மாள் கைகொடுத்தார். எங்கள் கடிதங்களோடு கூட, பட்டாணி அளவாக நறுக்கிய ஈரலும் அங்கிருந்தே வரலாயிற்று.

பாடம் மொட்டை மாடியில் ஆரம்பித்தது. தெருக்கோடியில் தபால்காரர் தெரிந்தால் ஈரல். மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். முதலில் அவர், பிறகுதான் ஈரல். இந்த வரிசை மாறினால் பயனில்லை. மாடியிலிருந்து படிக்கும், படியிலிருந்து திண்ணைக்கும், அவன் குரைக்கத் தோன்றாத தூரம் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தோம். அவசரப்பட்டு ஓர் அடி கூடுதலாக வைத்த அன்றெல்லாம் மறுநாள் திரும்ப மாடிக்கே ஏற வேண்டியிருந்தது. இறுதிக் கட்டத்தில் ஈரலைத் தபால்காரரே போட வேண்டும் என்றபோது அவர், "சார், நான் போஸ்ட்மேன் சார், சர்க்கஸ்காரன் இல்லை" என்று மறுத்தார். எதிர்வீட்டு அம்மாள்தான் சமாதானம் சொல்லிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார்.

இப்போது வீரன் மணியோசை கேட்டதும் கேட்டருகே போய் வாலை ஆட்டிக்கொண்டு உட்காருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசாங்க விடுமுறை நாட்களிலும் அவனுக்கு முகமே சரியில்லை. கடிதங்கள் நேராக என் கைக்கு வருவதில் எதிர்வீட்டு அம்மாளுக்குச் சிறிது வருத்தந்தான். எனினும், ஒருவரிடம் கற்ற பாடத்தை மற்றவரிடமும் தாமாகப் பிரயோகித்துக்கொள்வது நாய்களின் வழக்கமல்ல என்று அந்தப் பெண் முன்னரே எச்சரித்திருந்தார். அதன்படியே, கூரியர் கொண்டுவரும் பையன்களிடம் வீரனின் பழைய கொள்கையில் அணுவளவும் மாற்றமில்லை. ஆகவே, எனக்குப் புஸ்தகமோ பத்திரிகையோ பலகாரமோ அனுப்ப விரும்பும் அன்பர்கள், காலதாமதத்தைப் பாராட்டாமல், தயவுசெய்து தபாலிலேயே அனுப்பிவைக்கும்படி மிக்க பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.