பத்து முடிஞ்சா பஞ்சாயத்து

ஏலே பேராண்டி, பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்ததுலேருந்து ஒங்க வீட்டுத் திண்ணையில கூட்டம் ஓயலையே, என்னலே விசேஷம்? பொண்ணு பாக்கத்தான் வந்திருக்காவளோன்னு நெனச்சேன். வெசாரிச்சா, நீ எந்த குரூப்பு எடுக்கணும்னு பஞ்சாயத்தாம். பெரியப்பா பஸ்ட் குரூப்புங்காரு. மாமா கம்ப்யூட்டருங்காரு. எதுத்த வீட்டு அக்கா காமர்ஸ்னு வாயெடுத்தா, ஒங்கம்மா அவளுக்குக் காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டா. ஒன்னைய மட்டும் ஒருத்தரும் கேக்கல. நீயும் வாயத் தொறக்கல. நல்ல பிள்ளை!

எங்க காலத்துல பதினொண்ணு வரைக்கும் பள்ளிக்கூடம். பொறவு காலேசுல பி.யூ.சி. 1978-லதான் தமிழ்நாட்டுக்கு இந்த பிளஸ் ஒன்னே வந்துச்சு. கூடவே ஒரு பித்தும் வந்துச்சு. மார்க்கு கூடுன பயலுக்கு சயின்சு. கொறஞ்சவனுக்குக் காமர்ஸ். அதுலயும் கொறஞ்சா தொழிற்கல்வி. கல்யாணப் பந்தியில ஆளு தராதரம் பாத்து எல போடுத மாதிரி உக்காத்தி வைக்கான். எவனுக்கு எது பசிக்குன்னு கேட்டானா?

இப்ப புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு, கேட்டியா? பத்து வெரல் ரேகையையும் பதிச்சா, பிள்ளைக்கு எந்தப் படிப்பு ஏறும்னு கம்ப்யூட்டர் சொல்லுமாம். அதுக்கு ஆயிரக்கணக்குல ரூவா. அடேய், அந்தக் காலத்துல கைநாட்டு வச்சவனைத் தற்குறின்னு சிரிச்சானுவ. இப்ப காசக் குடுத்து கைநாட்டு வச்சா மேதைங்கானுவ! எங்க தாத்தா வட்டிக்கடைப் பத்திரத்துல வைக்காத ரேகையா? ஒரு பயலும் அவருக்கு பிசிக்ஸ் வரும்னு சொல்லலியே.

சரி, ஒங்க மாமா அடுத்தாப்புல பயோ மேத்ஸ்னு சொல்லுவாரு. டாக்டர், இன்ஜினியர்னு ரெண்டு கதவும் தொறந்திருக்கும்பாரு. கணக்குப் போட்டுப் பாரு. நீட்டு பரீட்சைக்கு மொத்தம் 720 மார்க்கு. அதுல பாதி, 360, உயிரியலுக்கு. கணக்குக்கு ஒரு மார்க்கு உண்டா? கெடையாது. இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, பிசிக்சுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. உயிரியலுக்கு? கெடையாது. ரெண்டுலயும் ஆசை உள்ள பிள்ளை ரெண்டையும் சொமக்கட்டும், எனக்கு என்ன? தவளையப் பாத்தா ஓடுத பயலுக்கு எதுக்குலே உயிரியலு? ஆனா ஒண்ணு, கணக்க விட்டுட்டா பிளஸ் டூ வழியா இன்ஜினியரிங் பக்கம் போறது கஷ்டம். உயிரியல விட்டா டாக்டர் படிப்பு சிரமம். பயப்படுதேன்னா இந்த ரெண்டுக்குப் பயப்படு. மத்ததுக்கெல்லாம் எதுக்கு இந்த ஒப்பாரி? வக்கீலுக்குப் படிக்க எந்த குரூப்பும் ஆகும். ஆடிட்டர் ஆகுததுக்கு சி.ஏ. பரீட்சை இருக்கே, அதுவும் அப்படித்தான். கலெக்டர் பரீட்சைக்கு ஒரு டிகிரி போதும், பிளஸ் ஒன்ல என்ன படிச்சேன்னு அங்க ஒருத்தனும் கேக்க மாட்டான்.

பாலிடெக்னிக்னு சொன்னா ஒங்கப்பன் மூஞ்சிய ஏன் சுளிக்கான்? பத்து முடிச்சிட்டு மூணு வருசம் டிப்ளமா. அங்கேருந்து பி.இ. ரெண்டாம் வருசத்துக்கே நேராப் போலாம், இன்னும் மூணு வருசம். ஆக ஆறு. நீ பிளஸ் டூ வழியாப் போனா ரெண்டும் நாலும் எத்தனை? அதுவும் ஆறுதான். பாலிடெக்னிக் போன பய பி.இ.ய நடுவழியில விட்டாலும் கையில ஒரு டிப்ளமா இருக்கும். ஒன் கையில?

ஏளா பேத்தி, ஒனக்குந்தான் சொல்லுதேன், கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்காத.

பிளஸ் ஒன் புத்தகத்தை அரசாங்கமே நெட்டுல சும்மா போட்டிருக்கு. அந்தப் போனுல ரீல்ஸ் பாக்குத நேரத்துல அதை எறக்கு. கணக்குப்பதிவியல்ல குறிப்பேட்டுப் பதிவு வரும். கடைக்குச் சரக்கு வாங்குனா எதைப் பற்றுல எழுத, எதை வரவுல எழுதன்னு நாலு கணக்கு போட்டுப் பாரு. பொறவு பிசிக்சு மொத பாடம், அளவீடு. வெர்னியர், பரிமாணம்னு வரும். எதுல தப்பு விட்டாலும் திரும்பப் போட்டுப் பாக்கணும்னு தோணுதோ, அதைக் குறிச்சு வை. எதைத் தொறந்ததும் கொட்டாவி வருதோ, அதை ஒங்க பெரியப்பாவுக்கு அனுப்பி வை. அவருக்குத்தான ரொம்பப் பிடிச்சிருக்கு!

கூட்டாளி எடுக்கான்னு எடுக்காத. அவன் ரெண்டாம் மாசமே வேற செக்ஷனுக்குப் போயிருவான்.

பாரம் வாங்கப் போறப்ப ஆபீசு வாசல்லயே நின்னுட்டு வந்திராத. பின்னால மரத்தடியில பிளஸ் டூ பயலுவ நிப்பானுவ. "அண்ணே, கெமிஸ்ட்ரிக்கு யாருண்ணே வாராவ?"ன்னு கேளு. "வந்தாத்தானலே தெரியும்!"னு சிரிச்சானுவன்னா, பாரத்தை மடிச்சு பையில வச்சிட்டு, அடுத்த ஸ்கூலுக்கு எத்தனை மணிக்கு பஸ்சுன்னும் அவனுவகிட்டயே கேட்டுட்டு வா.