இதயக் குறிக்கு 144

2014 நவம்பரில் இந்தியப் பண்பாடு ஒரு பேராபத்திலிருந்து தப்பியது. ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ என்ற வீடியோ கேமை இந்திய விற்பனையிலிருந்து எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தானாகவே விலக்கிக்கொண்டது. உள்ளூர்ச் சட்டத்தை மீறிவிடக் கூடாதாம். எந்தக் காட்சி மீறுகிறது? மூச்சு விடவில்லை. முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பியது. பதில்தான் வரவில்லை.

ஆடுகிறவர்கள் தாங்களே ஊகித்துக்கொண்டார்கள். கேமில் டோரியன் என்றொரு மந்திரவாதி. ஆண்களை மட்டுமே விரும்புபவன். அவனைக் காதலிக்க உங்கள் நாயகன் ஆணாக இருக்க வேண்டும். மெனக்கெட்டுத் தேடிப்போய்ப் பேச வேண்டும். உரையாடலில் இதயக் குறி எட்டிப் பார்க்கும்போது அதையே அமுக்க வேண்டும். அமுக்காதவனுக்கு ஒன்றும் நடக்காது. டிராகனை வெட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். இத்தனை கதவையும் தன் கையால் திறந்தவன்தான் ‘ஐயோ, கண்ணில் பட்டுவிட்டதே’ என்று அலற முடியும்.

முந்தைய ஆண்டு இதே நாட்டில் ‘ஜிடிஏ 5’ என்ற கேம் விற்றது. தெருவில் போகிறவரைச் சும்மா சுடலாம். கதையின் நடுவே ஒருவனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்ய வேண்டும். எந்தக் கருவியால் என்பது மட்டும் உங்கள் இஷ்டம். பண்பாட்டுக்குக் கீறல்கூட விழவில்லை.

கேமுக்கு எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. 2013 டிசம்பரில், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் மறுஉயிர் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். அது ஆட்களைப் பிடித்த சட்டம்; திரையில் ஓடும் பொம்மைகளை அல்ல. ஆனால் குனியச் சொல்லும் முன்பே தவழ்ந்துவிடுவது கம்பெனிகளின் தனித் திறமை. கேமை உருவாக்கிய பயோவேர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஸ்டூடியோதான். மேற்கில் டோரியனைக் காட்டிப் பெருமை வாங்கிக்கொண்டார்கள். ‘எல்லோருக்கும் இடமுண்டு’ என்ற கொள்கை விமானம் ஏறும்போதே கழன்று விழுந்துவிட்டது.

இதில் கொடுமை, டோரியனின் கதைதான். மகனின் விருப்பத்தை மாற்ற அவன் அப்பா ரத்த மந்திரத்தை நாடுகிறார். அவன் வீட்டைவிட்டு ஓடுகிறான். இந்தியாவில் எத்தனையோ பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டிய கதை. இங்கே மந்திரம்கூட வேண்டாம்; ‘சிகிச்சை’ என்று போர்டு மாட்டினால் போதும். அந்தப் போர்டைக் கழற்றுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2021 வரவேண்டியிருந்தது.

2014-ல் கேம் கடைக்கு வரவில்லை. சிகிச்சைக்கு டோக்கன் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.