கூண்டோடு வருபவர்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறாக இருந்தும் புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் வங்கக் கடலும் சூழக் கிடக்கும் காரைக்காலில், 1739 முதல் 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற வீதிகளையும் ஓய்வூதியங்களையும் பற்றி அறிஞர்கள் போதிய அளவு எழுதிவிட்டனர். எனினும், அந்த ஓய்வூதியத்தைப் பெறுபவர் காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்கிறார் என்பது ஆராயப்படாமலே நிற்கிறது. அவருள் ஒரு பிரிவினர் பறவை வளர்க்கின்றனர்.

இப்பிரிவினர் சட்டத்துக்கு அஞ்சியவர். நம் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதாகையால், தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் உடைய ஆஸ்திரேலியச் சிறுகிளி ஒன்றையே வாங்குவர். பறவை நூல்கள் காக்கட்டீல் என்று குறிக்கும் அதனைக் கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டார் வரை யாவரும் காக்டெயில் என்றே அழைப்பர். இதன் விளைவு பின்னர்க் கூறப்படும். வெளிர்மஞ்சள் வகையில் ஆணையும் பெண்ணையும் தோற்றத்தால் பிரித்தறிவது கடினம் என்பதைப் பொருட்படுத்தாது, பழைய மரியாதை விளங்க, ஆடவரை விளிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய முசே என்பதையே அவர் அதற்குப் பெயராக இடுவார். இரண்டாம் ஆண்டில் முசே முட்டையிடும். பெயர் மாறாது, கூண்டுக் கம்பியில் கடல் நுரைத் துண்டொன்று கூடுதலாகச் செருகப்படும். கணவாய் மீனின் உள்ளோடாகிய இது கடற்கரையில் செலவின்றிக் கிடைப்பதும், முட்டையிடும் பறவைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தருவதும் ஆகும்.

நோயில்லாதபோதே மருத்துவரிடம் காட்டவேண்டும் என்ற கருத்து பாரிசிலிருக்கும் மகள் வழியாக வந்து சேர்வது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கு வந்த கலப்பினப் பசுவுக்கும் கழிச்சல் கண்ட ஆட்டுக்கும் இடையே, பூத்துணி போர்த்திய கூண்டை மடியில் வைத்து அவர் அமர்ந்திருக்கும்போது, ஆட்டுக்காரப் பெண்மணி விசாரிப்பது வழக்கம்.

"அதுக்கு ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கறத ஏங்க தூக்கிட்டு வந்தீங்க?"

இக்கேள்விக்கு இன்றளவும் தக்க விடை கிடைத்திலது.

பறவைக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க விரும்பினால் புதுச்சேரியை அடுத்த குரும்பாப்பட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்று அங்கே சொல்லப்படுவதால், பயணம் நேர்கிறது. புதுச்சேரிக்காரர் புதுச்சேரிக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். காரைக்காலில் மது விலை குறைவாதலால் எல்லையில் வண்டிகள் சோதிக்கப்படும். துணி போர்த்திய பொருள் எதுவாயினும் காவலரின் கண் அதில் நிலைக்கும். நண்டலாற்றுச் சாவடியில் "என்ன சார் இது?" என்று கேட்கப்படும்போது, பொய் சொல்லியறியாத அம்மனிதர் "காக்டெயில் சார்" என்று விடையளிப்பார். "எத்தனை?" "ஒண்ணுதான் சார்." துணி விலக்கப்பட்டதும் முசே கொண்டையை நிமிர்த்திக் காவலரைப் பார்க்கும். வண்டி போகலாம் என்ற சைகை சற்றுத் தாமதமாகவே வரும்.

பறவைக்கு உதரவிதானம், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சுக்குத் துணைசெய்யும் தசைத்தகடு, கிடையாது. மார்பெலும்பு தடையின்றி அசைந்தால்தான் மூச்சு ஓடும். ஆகவே மருத்துவர் மார்பை அழுத்தாது, துவாலையால் சுற்றித் தலையை மட்டும் இலேசாகப் பற்றி, அலகு, நகம், இறகு எனப் பார்வையிடுவார். அவ்வளவு நேரமும் மூச்சடக்கி நிற்பவர் வளர்ப்பவரே. கிராம் தராசில் எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் நிற்கவேண்டிய முசே நூற்றிருபதைக் காட்டும்போது, தராசின் மீது அவருக்கு ஐயம் பிறக்கும்.

"என்ன தீனி குடுக்கறீங்க?"

"தினை, கம்பு, கீரை, டாக்டர்."

"பிஸ்கட்ட விட்டுட்டீங்களே," என்பார் உடன் வந்த மனைவி. சூரியகாந்தி விதையும் அவர் வாயாலேயே வெளிப்படும். அதன் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு என்று மருத்துவர் விளக்குவார்.

ஆயினும் உண்மையான குற்றம் வேறு. வேட்டை விலங்கின் கண்ணில் படாதிருக்கத் தன் நோயை மறைப்பது பறவையின் இயல்பு. தளர்ச்சி வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். எனவே மருத்துவர் நம்பக்கூடிய சாட்சி கூண்டின் அடியில் விரித்த நாளிதழ் ஒன்றே. எச்சத்தில் பச்சையோ பழுப்போ ஆன மலம், வெண்ணிற யூரிக் உப்பு, நிறமற்ற நீர் என மூன்று கூறுகள் உண்டு. வெண்மை இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளோ பச்சையோ தென்பட்டால் கல்லீரலைச் சந்தேகிப்பர். இத்தகைய ஆவணத்தைத்தான் நம்மவர், பெரிய ஊருக்குப் போகும் பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புவதுபோல, முந்தின இரவே கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுத் தாள் விரித்து, அடையாளமின்றி அழித்துவிட்டு வருகிறார்; வந்தபின் கூண்டின் தூய்மையை மருத்துவர் பாராட்டுவார் என்று சிறிது காத்தும் நிற்கிறார். பாராட்டுக்குப் பதிலாக, அடுத்த முறை ஒரு வாரத் தாள்களைக் கழுவாமல் கொண்டுவரும்படி ஆணை பிறக்கும்.

ஆணையை அவர் மீறுவதில்லை. அடுத்த ஆண்டு, ஓய்வூதியக் கடிதங்களுக்கென வைத்திருந்த கோப்பில், நாள்வாரியாக மடித்து, மேலே கிழமை எழுதி, தாள்களை மேசைமீது வைக்கிறார். பார்க்கச் சகிக்காததை மட்டும் வீட்டிலேயே எடுத்துப் போட்டுவிட்டார். மருத்துவர் புரட்டிப் பார்த்து நிறுத்துகிறார்.

"புதன்கிழமை எங்க?"

"அன்னிக்குப் பேப்பர் வரல, டாக்டர்."