எழவுக் கணக்குல தேடு, மருமவனே

வா மருமவனே, உக்காரு. இங்கிலாந்துல ஏதோ ஒரு பழைய மிராசு குடும்பத்தோட வம்சாவளியத் தோண்டப் போறியாமே, உங்க அத்தை சொன்னா. ஊர்க்கணக்கு எழுதிக் கெழவனானவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தோண்டு.

மொதல்ல, 1066-ல நார்மண்டி வில்லியம் கூடக் கப்பலேறி வந்தோம்னு எவன் சொன்னாலும் சிரிச்சுட்டு அடுத்த பக்கம் போ. அப்படிச் சொல்லிக்கிட்டவன் அத்தனை பேரையும் ஏத்தியிருந்தா கப்பல் கரை சேந்திருக்காது.

நார்ஃபோக் சீமையில பாஸ்டன்னு ஒரு குடும்பம். மூத்தவர் கிளெமென்ட், 1419-ல செத்தவரு, சாதா சம்சாரி. சேணமில்லாத குதிரை மேல தானிய மூட்டையைப் போட்டு, அதுமேல தானும் உக்காந்து மாவு மில்லுக்குப் போவாராம். கடன் வாங்கி மகனைப் படிக்க வெச்சாரு, மகன் நீதிபதியாயிட்டான். சொத்து பெருத்ததும், ‘இவங்க பண்ணையடிமை வம்சம்’னு ஆகாதவங்க கெளப்பி விட்டாங்க. பேரன்மாரு சும்மா இருப்பாங்களா? 1466-ல நாலாம் எட்வர்டு ராசாவே, ‘இவங்க வில்லியம் காலத்துலருந்து கனவான்கள்தான்’னு எழுதிக் குடுத்துட்டாரு. மூட்டை மேல உக்காந்து போன கதை நமக்கு எப்படித் தெரியும்ங்கிறே? ஆகாதவன் எழுதி வெச்ச குறிப்புதான். பொறாமைக்காரன் கடுதாசியத் தூக்கிப் போட்டுறாத.

நெசமான சரக்கு எழவு வீட்டுல கெடக்கு. ராசாகிட்ட நேரா நெலம் வாங்கி ஆண்டவன் கண்ண மூடுனா, எஸ்கீட்டர்னு ஒரு அதிகாரி வந்து நிப்பாரு. ஊர்க்காரங்களக் கூட்டிச் சத்தியம் வாங்கி, செத்தவன் எந்த நெலத்த யாருகிட்ட என்ன கடமைக்கு வெச்சிருந்தான், என்னைக்குச் செத்தான், வாரிசு யாரு, வயசென்னன்னு கேட்டு எழுதுவாரு. மூணாம் ஹென்றி காலத்துலருந்து இந்த ஓலையெல்லாம் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு.

குடும்பத்து மேல பாசத்துல எழுதலப்பா, பாக்கிக்காக எழுதினது. வாரிசுக்கு 21 முடிஞ்சிருந்தா, ஒரு நைட் மானியத்துக்கு 100 ஷில்லிங் கட்டி நெலத்த வாங்கிக்கலாம். அதுக்கு மேல புடுங்கக் கூடாதுன்னு 1215-ல மேக்னா கார்ட்டாவுல எழுத வேண்டி வந்ததுன்னா, அதுக்கு முன்னாடி எம்புட்டுப் புடுங்கியிருப்பாங்கன்னு பாத்துக்கோ. வயசு கொறைஞ்சிருந்தா இன்னும் கொண்டாட்டம். நெலம் ராசா கைக்குப் போயிரும், பையனுக்குப் பொண்ணு பாக்குற பாத்தியதையும் ராசாவுக்குத்தான். காசு குடுக்குறவனுக்கு ரெண்டையும் வித்துருவாரு.

அந்த ஓலையில வாரிசுக்கு ‘21 வயசும் அதுக்கு மேலயும்’னு இருந்தா, அவன் நாப்பது வயசுக்காரனாக்கூட இருப்பான். பொறந்த வருசத்தக் கண்டுபிடிச்சிட்டேன்னு குதிக்காத. வயசை நிரூபிக்கச் சாட்சி சொன்னவங்க கதை அத விடத் தமாசு. ‘அவன் பொறந்த அன்னைக்குத்தான் குதிரையிலருந்து விழுந்து எனக்குக் கால் ஒடிஞ்சுது, அதனால நல்லா ஞாபகம்’பான் ஒருத்தன். அடுத்த ஊர்லயும் ஒருத்தனுக்கு அதே மாதிரி கால் ஒடிஞ்சிருக்கும். எழுதுறவன் பழைய தாளப் பாத்துக் காப்பியடிச்சிருக்கான். நானும் எழுதினவந்தானே, எனக்குத் தெரியாதா!

பொம்பளப் பிள்ளைங்கள விட்டுறாத. மகன் இல்லாத வீட்டுல மகள்களுக்குச் சமபங்கு. நெலம் மருமகன் பேருக்குள்ள புகுந்துக்கும். குடும்பப் பேரை மட்டும் தொரத்திட்டுப் போனா பாதி வயக்காடு காணாமப் போயிரும்.

அப்புறம் கடமை. நைட் மானியம்னா வருசத்துக்கு 40 நாள் சண்டைக்குப் போகணும், முடியலேன்னா ஸ்கூட்டேஜ்னு பணம் கட்டணும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். சர்ஜென்டின்னு ஒரு வகை மானியம் இருக்கு பாரு, அதத் தேடு. கென்ட்ல ஒருத்தனுக்கு, ராசா கடல் தாண்டும்போது கொமட்டினா தலையப் புடிச்சுக்கிறதுதான் கடமை. சஃபோக்குல ஹெமிங்ஸ்டன்னு ஊரு, ரெண்டாம் ஹென்றி காலத்து ரோலண்டுக்கு 30 ஏக்கரு. என்னத்துக்கு? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ராசா முன்னாடி ஒரு குதி, ஒரு சீட்டி, ஒரு குசு. மூணும் விடணும். பின்னால வந்தவங்க, இது அசிங்கமா இருக்குன்னு வருசத்துக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் வரியா மாத்திட்டாங்க.

சிரிக்காதடா. நீ தேடுற குடும்பம் அந்த ரோலண்டு வழியா இருந்துச்சுன்னு வெச்சுக்க. வம்சாவளிப் படத்துல அவன் பேருக்குக் கீழ ‘தொழில்’னு ஒரு கட்டம் போடுவியே, அதுல என்ன எழுதப் போறே?